ஸர் கில்பர்ட் வாக்கரும் மழைக் கணக்கும்

ஐப்பசி பிறந்துவிட்டால் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலும் வானத்தை அண்ணாந்து பாராத மனிதர் இல்லை. வற்றாத ஆறு ஒன்றும் பாயாத சீமை நம்முடையது. கண்மாய் நிரம்பினால் சாகுபடி. ஊருணி நிரம்பினால் குடிநீர். நிரம்பாவிட்டால் இரண்டுமில்லை. ஆகையினாலேயே நமது முன்னோர் ஊர்தோறும் ஊருணி வெட்டியதோடு, வீட்டு முற்றத்தில் விழும் மழையையும் வீணாக்காமல் சேர்ப்பதற்கு வழி செய்து வைத்தார்கள்.

மழையை அளந்தறியும் பழக்கமும் நம்மவர்க்குப் புதிதன்று. மண்ணில் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கிற்று என்பதைக் கொண்டு ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று குடியானவன் கணக்கிட்டான். பஞ்சாங்கம் வருஷத்து மழையை மரக்காலில் சொல்லிற்று. மார்கழியில் கர்ப்போட்டம் பார்த்து அடுத்த வருஷத்து மழையை அனுமானிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவையெல்லாம் அறிவின் ஆரம்பங்களே. ஆனால் ஒரு வருஷம் பெய்யும் மழை மறுவருஷம் பொய்ப்பது ஏன் என்னும் கேள்விக்கு, ஒரே கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு எத்தனை தலைமுறை வானத்தைப் பார்த்தாலும் விடை கிடையாது. விடையின் பெரும் பகுதி பல்லாயிரம் மைலுக்கு அப்பால் பசிபிக் சமுத்திரத்தின் மேல் இருக்கிறது. அந்தத் திசையை எண்களைக் கொண்டு உலகத்துக்குக் காட்டியவர் ஸர் கில்பர்ட் வாக்கர். இவர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த ஆங்கிலேயர். அன்னிய ஆட்சியின் உத்தியோகஸ்தர் ஒருவருடைய சரித்திரம் நமக்கு எதற்கு என்று கேட்கும் நேயர்கள், முழுவதையும் வாசித்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்வார்களாக.

வாக்கர் 1868-ம் வருஷம் ஜூன் மாதம் 14-ந் தேதி லங்காஷயரிலுள்ள ராச்டேல் நகரில் பிறந்தார். தகப்பனார் எஞ்சினீயர். லண்டனில் ஸெயிண்ட் பால் பாடசாலையிலும், பிறகு கேம்பிரிட்ஜில் டிரினிடி கலாசாலையிலும் பயின்று, 1889-ல் அப்பல்கலைக்கழகத்தின் கணிதப் பரீட்சையில் முதல்வராகத் தேறினார். படிப்பின் கடுமையால் உடல் நலிந்து, சில குளிர்காலங்களை ஸ்விட்ஸர்லாந்தில் கழிக்க நேர்ந்தது. குணமடைந்து திரும்பியபின் தம் கலாசாலையிலேயே கணிதம் போதித்து வந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங் என்னும் வளைதடியின் மீது அவருக்கு அடங்காத மோகம் இருந்தது. நமது சிவகங்கைச் சீமையின் வளரிக்கு அது உறவு. கேம்பிரிட்ஜ் மைதானத்தில் அதை வீசிப் பார்ப்பதும், அது வளைந்து திரும்பும் காரணத்தைக் கணிதத்தால் ஆராய்வதுமாயிருந்த அவருக்கு நண்பர்கள் அந்த ஆயுதத்தின் பெயரையே பட்டப்பெயராக வைத்தார்கள். புல்லாங்குழலிலும் பறவைகள் இறகசையாமல் வட்டமிடுவதிலும் அவருடைய ஆராய்ச்சி சென்றது. வானிலை சாஸ்திரத்தை மட்டும் அவர் அதுவரை கற்றவரல்லர்.

அப்படிப்பட்டவரை இந்தியாவுக்கு அழைத்த காரணத்தை அறிவதற்கு, அவருக்கு முன் நடந்ததைச் சிறிது சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாராய்ச்சி நிலையத்தில் 1796 முதல் வானிலை அளவுகள் முறையாகப் பதிவாகி வந்தன. அந்நிலையத்தின் கருங்கல் தூணில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பின்னர் மற்ற மாகாணங்களும் தனித்தனியே கணக்கு வைக்கத் தொடங்கின. ஆனால் இடத்துக்கு இடம் கருவி வேறு, முறை வேறு. ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்க்க முடியவில்லை. 1864-ல் கல்கத்தாவைப் புயல் அழித்தது. 1866-ல் ஒரிஸ்ஸாவைப் பஞ்சம் வாட்டியது. அதன் பிறகே சர்க்காருக்கு விழிப்புண்டாகி, 1875-ல் இந்தியா முழுவதற்கும் ஒரே வானிலை இலாகா ஏற்பட்டது. ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவர்.

இலாகா தோன்றிய மறுவருஷமே சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை இந்தியாவில் அதற்கு இரையானோர் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பதே மதிப்பீடுகளில் குறைந்தது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல நமது மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. மழை பொய்த்தது வானத்தின் செயல். ஜனங்கள் பட்டினி கிடந்த அதே காலத்தில் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது மனிதரின் செயல். பஞ்சத்தின் பழி முழுவதையும் மேகத்தின் தலையில் கட்டிவிட முடியாது. ஆயினும், மழை தவறப்போவது முன்கூட்டித் தெரிந்தால் தானியத்தைச் சேமிக்கவாவது வழியுண்டு என்பதும் மெய்யே. பிளான்போர்டு இமயத்தின் பனியளவைக் கொண்டு பருவமழையை முன்னறிவிக்க முயன்றார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் மேலும் பல குறிகளைச் சேர்த்தார். 1899-ல் நல்ல மழையை எதிர்பார்க்கலாமென்று எலியட் அறிவித்தார். வந்ததோ கொடிய வறட்சி. பத்திரிகைகள் கண்டித்தன. சர்க்கார் அதற்குக் கண்ட பரிகாரம் என்ன? சில வருஷங்கள் முன்னறிவிப்பை ஜனங்களுக்குக் காட்டாமல் இரகசியக் காகிதமாக வைத்துக்கொண்டதுதான்! கணக்குத் தவறினால் திருத்துவதற்குப் பதிலாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது எக்காலத்து அதிகாரத்துக்கும் பொதுவான சுபாவம் போலும்.

இந்நிலையில், இனி அனுபவமும் ஊகமும் போதா, தேர்ந்த கணித நிபுணர் ஒருவர் வேண்டும் என்று எலியட் கருதி வாக்கரைத் தேர்ந்தெடுத்தார். 1904-ல் வாக்கர் பொறுப்பேற்றார். முன்னறிவிப்பும் மீண்டும் பொதுவில் வந்தது. அவர் செய்த முதல் நல்ல காரியம், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதே. மழைக்குக் காரணம் இதுதான் என்று முன்னதாகவே ஒரு கொள்கையை நிறுவி, பிறகு அதற்குச் சான்று தேடும் வழக்கத்தை அவர் கைவிட்டார். உலகத்தில் எங்கெங்கே பல வருஷத்து அளவுகள் இருக்கின்றனவோ அவற்றையெல்லாம் வரவழைத்தார். மொரீஷியஸ் தீவின் காற்றழுத்தம், ஜான்ஜிபாரின் மழை, தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், இமயத்தின் பனி, நைல் நதியின் வெள்ளம், ஆஸ்திரேலியாவின் டார்வின் துறையிலும் ஜாவாவின் பட்டேவியாவிலும் பாரமானி காட்டிய அளவு ஆகிய யாவும் சிம்லாவிலிருந்த அவருடைய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. ஓரிடத்து அளவு கூடும்போது மற்றோரிடத்து அளவு கூடுகிறதா, குறைகிறதா, இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு எவ்வளவு என்பதை இரண்டிரண்டாகக் கணித்துப் பார்த்தார்.

நமது செட்டிநாட்டு நேயர்களுக்கு இந்த முறையை விளக்குவது எளிது. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் சைகோனிலும் கடை வைத்திருந்த நகரத்தார், கடை ஒன்றின் பேரேட்டை மட்டும் பார்த்து வியாபாரத்தின் நிலையை முடிவு செய்தார்களா? கடைதோறுமிருந்து கணக்கு ஊருக்கு வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஐந்தொகை போட்ட பின்னரே முதல் எது, லாபம் எது, நஷ்டம் எது என்பது விளங்கிற்று. பர்மாவில் நெல் விளைந்ததா என்பதைப் பொறுத்துக் காரைக்குடியில் வீடு எழும்பியது. தூரதேசத்து மழை நமது வாசலுக்கு வருவதை நகரத்தார் வட்டிக் கணக்கில் கண்டார்கள். அதையே வாக்கர் காற்றின் கணக்கில் கண்டார். அவர் போட்டது பூமி முழுவதற்கும் ஓர் ஐந்தொகை.

அந்தக் கணக்கை யார் போட்டார்கள்? இன்றைய கணிப்பொறிகள் இல்லாத காலம் அது. ஆயிரக்கணக்கான பெருக்கல்களையும் கூட்டல்களையும் பேனாவும் காகிதமும் கொண்டு செய்து முடித்தவர்கள் சிம்லா அலுவலகத்து இந்தியக் குமாஸ்தாக்கள். நாடெங்கும் தந்தி நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தாலுகாக் கச்சேரிகளிலும் நாள் தவறாமல் மழையை அளந்து எழுதியவர்களும் நம்மவர்களே. கட்டுரைகளின் தலைப்பில் வாக்கரின் பெயர் இருக்கிறது. இவர்களுடைய பெயர்களோ நம் நாவுக்கு வந்து சேரவில்லை. வாக்கருக்குரிய புகழை நாம் குறைக்கவில்லை. ஆனால் அந்தப் புகழின் அஸ்திவாரத்தில் இந்தியரின் உழைப்பு இருக்கிறது என்பதைப் பதிவு செய்வது நமது கடமை.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு வாக்கரிடம் மிகவும் பிடித்த குணம் ஒன்றுண்டு. நூறு சாட்சிகளை விசாரித்தால், அவர்களில் ஒருவர் விஷயமே அறியாமல் சொன்னதுகூடத் தற்செயலாக வழக்குக்குப் பொருந்திவிடும். அவரை மட்டும் கூண்டிலேற்றி, மற்றத் தொண்ணூற்றொன்பது பேரை மறைத்துவிட்டால் நியாயாதிபதி ஏமாறுவார். வானிலை ஆராய்ச்சியிலும் இந்த மோசம் நடந்து வந்தது. பல இடங்களின் அளவுகளைத் தேடித் தேடி, தற்செயலாகப் பொருந்திய ஒன்றை எடுத்து, மழையின் இரகசியம் கிடைத்துவிட்டதென்று முழங்கினார்கள். வாக்கர் 1914-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு பரீட்சை வகுத்தார். எத்தனை ஜோடிகளைச் சோதித்தோமோ அத்தனைக்குத் தக்கபடி சான்றின் பலமும் உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைத் தற்செயலென்றே தள்ளவேண்டும் என்பது அதன் சாரம். தம்முடைய சாட்சியையே குறுக்கு விசாரணை செய்யத் துணிந்தவர் அவர்.

தமிழ்நாட்டோடு அவருக்கிருந்த ஒரு தொடர்பை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். 1913-ம் வருஷம் பெப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்திருந்தபோது, துறைமுகத் தலைவரான ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங், தம் அலுவலகத்துக் குமாஸ்தா ஒருவரின் கணித நோட்டுப் புத்தகத்தை அவரிடம் காட்டினார். அந்தக் குமாஸ்தா ஸ்ரீநிவாச ராமானுஜன். நோட்டின் தரத்தை உணர்ந்த வாக்கர், அவ்வாலிபர் வயிற்றுக் கவலையின்றிக் கணிதத்திலேயே ஈடுபடச் சென்னைப் பல்கலைக்கழகம் உதவவேண்டுமென்று உடனே எழுதினார். மே மாதம் முதல் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் கிடைத்தது. ராமானுஜனைக் கண்டுபிடித்த பெருமை வேறு பலருக்கும் உண்டு. எனினும் வாக்கரின் கடிதமும் அதில் ஒரு பங்குடையது.

யுத்தகாலத்தில் ஆராய்ச்சி தளர்ந்து, பிறகு மீண்டும் வேகம் பெற்றது. 1923, 1924 வருஷங்களில் வெளியான கட்டுரைகளில் அவருடைய வாழ்நாளின் பெரிய முடிவு உருப்பெற்றது. நமது கிணற்று ஏற்றத்தை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். மரத்தின் ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழும். அதுபோலப் பசிபிக் சமுத்திரத்தின் மேல் காற்றழுத்தம் உயரும்போது, இந்து சமுத்திரத்தின் மேலும் ஆஸ்திரேலியாவின் பக்கத்திலும் தாழ்கிறது; அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. இந்தப் பெரிய ஆட்டத்துக்குத் தென்பாக அலைவு என்று பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். அட்லாண்டிக்கின் வடபாகத்திலும் பசிபிக்கின் வடபாகத்திலும் இதைப்போன்ற வேறிரண்டு அலைவுகள் உண்டென்றும் காட்டினார். தாது வருஷப் பஞ்சத்தின்போது இந்தியாவின் மேல் காற்றழுத்தம் அசாதாரணமாக உயர்ந்திருந்ததை பிளான்போர்டு குறித்து வைத்திருந்தார். அது தனித்த விந்தையன்று, ஏற்றத்தின் ஒரு முனையே என்பது இப்போது விளங்கிற்று.

1924-ல் வாக்கர் ஸர் பட்டம் பெற்று ஓய்வடைந்தார். பின் பத்து வருஷம் லண்டன் இம்பீரியல் கலாசாலையில் வானிலை சாஸ்திர ஆசிரியராயிருந்தார். தாம் தேடிச் சேர்த்த அளவுகளைச் சொந்தச் சொத்தாக அவர் பதுக்கவில்லை. 1927-ல் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் நிலையம் உலக வானிலைப் பதிவுகளைப் பெருந்தொகுதியாக அச்சிட்டபோது, எக்ஸ்னர், ஸிம்ப்ஸன், கிளேய்ட்டன், மாஸ்மன் ஆகியோருடன் அளவுகளைத் திரட்டித் தந்தவர்களில் அவரும் ஒருவர். எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் எடுத்துக் கணிக்கலாம். வாக்கரே தவறென்றும் காட்டலாம். அப்படித் திறந்து வைத்ததே அவர் செய்த கைங்கரியங்களில் தலையானது என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் அவர் எதைத் தேடி வந்தாரோ அது அவருக்குக் கிட்டவில்லை. பருவமழையைத் திடமாக முன்னறிவிக்கும் சூத்திரம் அவருடைய கையில் அகப்படவில்லை. ஒரு காலத்தில் பலமாயிருந்த ஒட்டுறவு பிற்காலத்தில் நலிந்தது. காரணம் கூறாமல் எண்களை மட்டும் அடுக்குகிறார் என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். காரணம் தமக்குப் புலப்படவில்லை என்பதை அவரும் மறைத்ததில்லை. 1958-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி, தொண்ணூறு வயதில் அவர் காலமானார். அப்போது அவருடைய தென்பாக அலைவைப் பொருட்படுத்தியோர் சிலரே.

அவர் மறைந்து பதினோரு வருஷங்களுக்குப் பின் கதை திரும்பியது. 1957, 1958 வருஷங்களில் பல தேசங்கள் ஒன்றுகூடிப் பூமியின் இயல்புகளை ஒரே காலத்தில் அளந்தன. பெரு தேசத்துக் கரையோரக் கடல் சில வருஷங்களில் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறுவதை அங்குள்ள மீனவர் எல் நினோ என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தனர். அந்தச் சூடு பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பாகம்வரை பரவுவதை அவ்வருஷங்களின் அளவுகள் காட்டின. யாகோப் பியர்க்னெஸ் என்னும் அறிஞர் 1969-ல் கடலின் இந்தச் சூட்டையும் வாக்கரின் அலைவையும் இணைத்தார். கடல் காற்றை மாற்றுகிறது. காற்று கடலை மாற்றுகிறது. இரண்டும் சேர்ந்தே ஏற்றத்தை ஆட்டுகின்றன. பசிபிக்கின் மேல் கிழக்கும் மேற்குமாகச் சுழலும் பெருங்காற்றோட்டத்துக்கு பியர்க்னெஸ் வாக்கரின் பெயரையே வைத்தார். உயிரோடிருந்தபோது கிடைக்காத காரணத்தை, அவர் திறந்து வைத்த கணக்கும் பிறர் அளந்த கடலும் சேர்ந்து கொடுத்துவிட்டன.

இதனால் நமது சீமைக்கு என்ன? மிகவும் உண்டு. வாக்கர் கணித்தது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை. எல் நினோ வருஷங்களில் அது குன்றுவது பெருவழக்கு. நமது கண்மாய்களை நிரப்புவதோ வடகிழக்குப் பருவமழை. எல் நினோ வருஷங்களில் இது சராசரிக்கு மேல் பெய்வதே பெரும்பாலும் கண்ட இயல்பு. வடநாட்டுக்கு நஷ்டமான வருஷம் நமக்கு வரவாக அமையலாம். 2015-ல் எல் நினோ வலுத்திருந்தது. டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிற்று. மறுவருஷம் ஏற்றம் மறுபக்கம் சாய்ந்தது. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியைவிட 62 சதவீதம் குறைந்து, நூற்றாண்டுக்கு மேல் காணாத வறட்சி வந்தது. இது ஒவ்வொரு வருஷமும் தவறாத விதியன்று. வங்கக் கடலின் சுபாவமும் இந்து சமுத்திரத்தின் சூடும் குறுக்கிடுகின்றன. ஆனால் டில்லிக்குப் போட்ட கணக்கைக் காரைக்குடிக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதும், நமது கணக்கை நாமே வைக்கவேண்டும் என்பதும் இதிலிருந்து திண்ணமாகின்றன.

சுதேசிகளின் கைக்கு அந்த இலாகா வந்த வரலாறும் மகிழ்ச்சிக்குரியது. 1944-ல் ஸுதாம்சு குமார் பானர்ஜி அதன் முதல் இந்தியத் தலைவரானார். சென்னை பிரஸிடென்ஸி கலாசாலையில் படித்து, கதர் உடுத்தி வாழ்ந்த அன்னா மாணி 1948-ல் அதில் சேர்ந்து, கப்பலில் வந்துகொண்டிருந்த வானிலைக் கருவிகளை இந்நாட்டிலேயே செய்வதற்கு வழி செய்தார். அளப்பவன் இந்தியன், கருவி அன்னியருடையது என்ற நிலை இவ்விதம் மாறிற்று.

ஆயினும் ஒன்று பாக்கியிருக்கிறது. அளவுகளை மறைக்கும் ஆசை அன்னிய சர்க்காரோடு போய்விடவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் தேசங்கள் வானிலையையும் யுத்த இரகசியமாக்கின. பின்னாட்களில் விலைக்கு விற்கும் எண்ணமும் தலையெடுத்தது. அதனாலேயே உலக வானிலை ஸ்தாபனம் 1995-லும் மறுபடி 2021-லும், முக்கியமான அளவுகளைத் தேசங்கள் ஒன்றுக்கொன்று தடையின்றித் தரவேண்டுமென்று தீர்மானம் செய்ய நேர்ந்தது. காற்றுக்கு எல்லைக் கல் கிடையாது. ஒருவன் மறைத்த அளவு எல்லோருடைய ஐந்தொகையையும் கெடுக்கும்.

ஆகையால் நேயர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. நமது சீமையின் பள்ளிக்கூடந்தோறும் மழைமானி ஒன்று இருக்கட்டும். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு, இலாகா அளக்கும் அதே நேரத்தில், ஒரு மாணவன் அளந்து எழுதட்டும். மழை இல்லாத நாளில் இல்லை என்று எழுதுவதும் கணக்கே. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். நமது பெரிய வீடுகளின் கூரையைப் பெருக்கிப் பார்ப்பவர்களுக்கு ஊருணியின் வரத்துக்காலைத் தூர்க்க மனம் வராது. அந்த நோட்டைப் பீரோவில் பூட்டாமல், அடுத்த ஊருக்கும் இலாகாவுக்கும் ஆராய்ச்சியாளருக்கும் காட்டவேண்டும். பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து பேரேடு எழுதப் பழகிய பரம்பரைக்கு இது கஷ்டமான காரியமன்று.

வாக்கர் நம்மை ஆண்டவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆனால் அவர் விட்டுச் சென்ற பாடம் ஆண்டவர்களுடையதுமன்று, ஆளப்பட்டவர்களுடையதுமன்று. உண்மையாக அளந்து, தன் கணக்கைத் தானே சோதித்து, பிறர் சோதிக்கவும் திறந்து வைப்பவனுடைய உழைப்பு, அவன் கண்மூடிய பின்னும் பலன் தரும். இன்று நாம் எழுதும் மழைக் கணக்கின் பொருள் நமது பேரன்மாருக்கு விளங்கக்கூடும். அவர்களுக்காகவேனும் எழுதத் தொடங்குவோமாக.